இரத்தினபுரி நீர்யானை தீவு விலங்கா?

கியூபாவின் தரைவாழ் ஸ்லாத்தான மெகலோக்னஸ், கரடியளவு விலங்கு. 1868-இல் ஜோசப் லெய்டி அதற்குப் பெயரிட்டார். அமெரிக்கப் பெருநிலத்தில் அதன் உறவினங்கள் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்தன. தீவில் அதுவோ மேலும் ஆறாயிரம் ஆண்டுகள் பிழைத்திருந்து, மனிதர் அங்கே குடியேறிய பின்னரே மறைந்தது. 2005-இல் டேவிட் ஸ்டெட்மன் குழுவினர் கதிர்க்கரிமக் கணிப்பால் இதை நிறுவினர். மனிதன் கால்வைத்ததும் தீவின் பெருவிலங்கு அழியும் என்ற வாய்பாடு இத்தகைய சான்றுகளால் வலுப்பெற்றது. இலங்கையின் அழிந்த பாலூட்டிகளுக்கு அது பொருந்தாது என்பதே என் வாதம்.

இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் களிமண்ணுக்கும் மணலுக்கும் அடியில் சரளைப் படுகை ஒன்று உண்டு. குழி தோண்டுவோர் அதை 'இல்லம' என்பர். கூடையிலிட்டு அதை அலசும்போது கற்களோடு சில வேளை பற்களும் எலும்புகளும் அகப்படும். அவற்றைக் குப்பையில் சேரவிடாமல் காத்தவர் இலங்கைத் தொல்லுயிரியலாளர் பி.இ.பி. தெரணியகல. அவருக்கு நாம் பட்ட கடன் பெரியது. நீர்யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் சிங்கத்துக்கும் அவர் 'சிங்களேயஸ்' என்றே பெயரிட்டார். சிங்கத்துக்கு 1939-இல் அவரிடம் இருந்த சான்று, குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களே. இப்பெயர்கள் அவ்விலங்குகளைத் தீவுக்கே உரியவையாக எண்ண வைத்துவிட்டன.

ஆனால் அக்காலத்தில் தீவு எங்கே இருந்தது? பாக்கு நீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இராமேசுவரமும் தலைமன்னாரும் ஒரே சமவெளி. இலங்கை தென்னிந்தியாவின் நுனி. கியூபாவின் ஸ்லாத்தைச் சூழ்ந்திருந்ததோ ஆழ்கடல்.

மனிதர் வருகையும் வேறுபடுகிறது. இலங்கையின் பாகியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற எலும்புகளில் குரங்கும் அணிலுமே மிகுதி. அவர்கள் வேட்டையாடிய மந்தியும் மலையணிலும் இன்றும் அக்காடுகளில் உள்ளன. நீர்யானையைக் கொன்ற இடத்திலேயே அறுத்திருந்தால் அதன் எலும்பு குகைக்கு வந்திராது என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான், ஆகவே குகைச் சான்றை மட்டும் நான் நம்பவில்லை.

நீரிணையின் இரு கரைகளையும் ஒப்பிட்டால் வேறொன்று புலப்படும். நருமதைப் பள்ளத்தாக்கில் நீர்யானைப் புதைபடிவங்கள் உள்ளன. சாத்தான்குளத்தில் காண்டாமிருகத்தின் எச்சம் கிடைத்துள்ளது. இன்று இந்தியாவில் நீர்யானை இல்லை, தெற்கே காண்டாமிருகமும் இல்லை. இரு கரையிலும் நேர்ந்த இழப்புக்குத் தீவுத்தன்மை காரணமாகாது. நீர்நிலையும் புல்வெளியும் மாறியதையே முதலில் ஆராய வேண்டும். புலியின் கதை வேறு. குருவிட்டப் பகுதியில் ஏறத்தாழ 16,500 ஆண்டுப் பழமையான புலி எச்சத்தை 2005-இல் கெலும் மனமேந்திர ஆரச்சி குழுவினர் விவரித்தனர். வடகரையில் புலி இன்றும் உலவுகிறது. தீவு பிரிந்ததை இங்குதான் காரணமாக ஐயுறலாம். நீர்யானையையும் புலியையும் ஒரே பட்டியலில் 'அழிந்த தீவு விலங்குகள்' என எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும்.

இதற்குமேல் செல்லக் காலக்கணிப்பு தேவை. ஆறு புரட்டிச் சேர்த்த சரளையில் வெவ்வேறு காலத்துப் பற்கள் அருகருகே கிடக்கலாம். குழியின் ஆழம் வயதைச் சொல்லாது. கதிர்க்கரிமக் கணிப்புக்கு வேண்டிய எலும்பின் கொலாஜன் வெப்பமண்டல ஈரத்தில் நிலைப்பது அரிது. கியூபாவில் எலும்பையே நேரடியாகக் கணித்தார்கள். இரத்தினபுரியில் பல்லின் எனாமலை யுரேனிய முறையாலும் எலெக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு முறையாலும் கணிக்க முயல வேண்டும், அருங்காட்சியகப் பேழையிலுள்ள நீர்யானைப் பற்களிலிருந்தே தொடங்கி.