கள்ளுக்கடைக்காரர் பெயர் என்ன?

இங்கிலாந்தின் பழைய மதுவிடுதிகள் சிலவற்றில், அவற்றை நடத்தியவர்களின் பெயர்ப்பட்டியல் நூற்றாண்டுக் கணக்கில் நீண்டு சுவரில் தொங்குவதுண்டு. சிதம்பரத்திற்கோ கடலூருக்கோ அப்படியொரு பட்டியல் எழுத முற்பட்டால் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். நம் கடைக்காரர் ஓராண்டு மனிதர் என்பதே காரணம்.

இலக்கியத்தில் கடை இருக்கிறது, கடைக்காரர் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளுள் கள் விற்குமிடத்துக் கொடியையும் பட்டினப்பாலை சேர்த்துச் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையோ எயிற்பட்டினத்தில் நுளைமகள் அரித்த தேறலைப் பரதவர் பாணர்க்கு ஊட்டுவதைக் காட்டுகிறது. (அவ்வூரைப் பழைய தென்னார்க்காட்டு மரக்காணம் என்று கொள்வோர் உண்டு.) அரித்தவளையாவது புலவர் நினைவில் வைத்தார்.

பிரிட்டிஷ் ஆட்சியின் ஆப்காரி முறை அந்த நினைவுக்கும் இடம் வைக்கவில்லை. 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்கீழ் கள்ளிறக்கும் மரத்துக்கு வரி; விற்கும் உரிமைக்கு ஏலம். அதிகம் கேட்டவருக்கே கடை, அதுவும் பெரும்பாலும் ஓராண்டுக்கு. போட்ட பணத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டிய குத்தகைதாரர், குடிப்பவன் அளவோடு எழுந்து போவதை விரும்பியிருப்பாரா? அவரைத் தனியே பழிப்பதில் பயனில்லை. வருவாய் அரசுக்கு, வசை அவருக்கு என்பதே ஏற்பாடு. சாராயத்தின் வழி வேறு: நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையும் வடிசாலையும் இருந்தன. பனையேறியின் கலயத்துக்குப் போட்டியாக ஆலையின் பீப்பாய் நின்றது.

1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. கடலூர்க்காரர்களுக்கு அது முழு விலக்காக இருந்ததில்லை. வடக்கே சில கல் தொலைவில் பிரெஞ்சுப் புதுச்சேரி. 1971இல் கடைகள் திறந்தன, 1974க்குள் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன. 1987இல் கள்ளும் சாராயமும் விலக்கப்பட்டு, சீமைச் சரக்கு மட்டும் நின்றது. நான் பெரிதாக எண்ணுவது இந்த இடத்தைத்தான். இடையில் 1990இல் மலிவு மது வந்து மறு ஆண்டே போயிற்று, கள்ளோ திரும்பவில்லை. ஏலமெடுத்தவர் வேறு தொழில் பார்த்துக்கொண்டார். மரமேறியவருக்குத் தெரிந்த ஒரே தொழில் குற்றமாகிவிட்டது.

2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டபின் கடைக்குப் பெயருக்குப் பதில் எண். மேசைபோட்டுச் சுண்டல் தரும் பார் மட்டும் டெண்டரில் தனியாருக்குப் போகிறது. எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் இன்னும் ஏலத்தில்தான் விடப்படுகின்றன.