யாருய்யா அந்தப் புள்ளி?

2003-ல் தமிழ்நாடு முழுக்க ஒரே கேள்வி: ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ யாருய்யா அந்த ஆள் என்று பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் அதே பேச்சு. ஆர்வத்தைக் கிளப்புவதில் அந்த விளம்பரத்துக்கு நூற்றுக்கு நூறு. ஆனால், கேள்வி மனசில் நின்ற அளவுக்குப் பதில் நிற்கவில்லை.

பெயரிலேயே வில்லங்கம். ‘பெரிய புள்ளி’ என்றால் நமக்கு செல்வாக்கான ஆசாமி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், பனையப்பட்டி பக்கம் போனால் அர்த்தமே வேறு. நகரத்தார் வழக்கில், கல்யாணமாகிக் குடும்பஸ்தன் ஆனவன்தான் ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவான். அவ்வளவு கௌரவமான சொல்லை, மனைவியைத் தாண்டிப் போகிறவனுக்குச் சூட்டியாகிவிட்டது!

அதைவிடப் பெரிய கோளாறு, நோய் ‘அந்த மாதிரி ஆளுக்கு’ வருவது என்றாகிப்போனது. அடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கிறவன், ‘எனக்கு வருமா?’ என்று எங்கே கேட்கப்போகிறான்? சரி, கணவனிடமிருந்து தொற்று வாங்கிய மனைவிக்கு அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்டிருக்கும்?

இதே புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலாராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். பொம்பளை சைக்கிள் ஓட்டினால், அதற்கும் ஊர் வாயில் ஒரு அசிங்கமான அர்த்தம் இருந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஹேண்டில்பாரைப் பிடித்த பிறகு, அந்த வாய் தானாக மூடிக்கொண்டது. பத்துப் பேர் ஓட்டினால் கேலி. ஊரே ஓட்டினால் பழக்கம்.

சுவரில் எழுதுவதற்கு முன்னால், சுவருக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.