வலியறியாப் பாதம்



காலில் முள் தைத்தால் அலறுகிறோம். உடனே அதனைக் களைந்தெறிகிறோம். வலியை நாம் பகையென்று கருதுகிறோம். அது நம் காவலாளி என்பதை மருத்துவ உலகம் உணர்ந்துகொண்ட வரலாற்றை இன்று சுருங்கச் சொல்ல விழைகின்றேன்.

புண்ணில் சீழ் பிடிப்பது ஏன்? ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவரான அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். உருண்டைக் கிருமிகள் திராட்சைக் குலைபோல் திரண்டிருக்கக் கண்டார். 1882-ஆம் ஆண்டில் அவற்றுக்கு 'ஸ்டாபிலோகாக்கஸ்' என்று பெயரிட்டார். 'ஸ்டாபிலே' என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் திராட்சைக் குலை என்பது பொருள். நீரிழிவு நோயாளரின் காற்புண்ணில் அடிக்கடி காணப்படும் கிருமிகளுள் இதுவும் ஒன்று.

பகைவன் யாரென்று தெரிந்தது. 1940-களில் பெனிசிலின் என்னும் படைக்கலமும் கிடைத்தது. ஆயினும் நீரிழிவாளரின் நாட்பட்ட புண்கள் எளிதில் ஆறவில்லை. காரணம் யாது? அங்கே பல இனக் கிருமிகள் ஒன்றுகூடி, வழவழப்பான ஒரு படலத்தைத் தம்மைச் சுற்றி அமைத்துக்கொள்கின்றன. மருந்து அதனுள் எளிதில் ஊடுருவுவதில்லை. சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் வெள்ளணுக்களின் வலிமையும் குன்றுகிறது. பலருக்குக் காலின் இரத்த ஓட்டமே குறைந்துவிடுகிறது. கோட்டைக்குள் பகை வேரூன்றிவிட்டது; ஆனால் வாயிலைத் திறந்துவிட்டது யார்?

இவ்வினாவுக்கு விடைகாணத் துணைசெய்தது வேறொரு நோய். இடம் நமது வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோய்க் கிருமியே விரல்களை அரித்துத் தின்றுவிடுகிறது என்று அந்நாளில் பலரும் நம்பினர். உண்மை வேறு என்பதை அவர் காட்டினார். அக்கிருமி நரம்பைக் கெடுக்கிறது. உணர்ச்சியற்ற கால் கல்லையும் ஆணியையும் அறியாமல் மிதிக்கிறது. புண்பட்ட இடத்தையே மீண்டும் மீண்டும் ஊன்றி நடக்கிறது. அவ்வழியே பிற கிருமிகள் புகுகின்றன. எனவே, மாவுக்கட்டுப் போட்டு, புண்ணின்மேல் விழும் அழுத்தத்தை நீக்கி, அதனை ஆறச் செய்தனர்.

பின்னர், 1966-இல், பிராண்ட் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவாலும் நரம்பு மரத்துப்போகிறது. அக்காலும் அவ்வாறே புண்படுகிறது. ஆதலின் வேலூரில் கற்ற பாடம் அங்கே நீரிழிவாளரின் கால்களைக் காக்கவும் பயன்பட்டது. கிருமியைக் கொல்ல மருந்து வேண்டும். இறந்த தசையை அகற்றவும் வேண்டும். புண்ணின்மேல் ஊன்றாதிருக்கவும் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் காலையே இழக்க நேரலாம்.

உங்கள் இல்லத்துப் பாட்டனாருக்கு நீரிழிவு உண்டாயின், நாள்தோறும் அவருடைய உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். சிறு கொப்புளம் கண்டாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "வலிக்கவில்லையே" என்று அவர் சொல்வார். வலிக்காததுதான் ஆபத்து என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.