கண்டபடாவின் மரக்கோல்: சாமந்த சந்திரசேகரர் கோள்களைத் தேடிய கதை

வானில் கோளைத் தேடத் தொடங்குவோர்க்கு முதல் சில இரவுகள் குழப்பமாகவே கழியும். எது விண்மீன், எது கோள்? மின்னாதது கோள் என்பர். அடிவானத்துக்கு அருகில் இவ்விதி பயன்படாது. அங்கே வியாழனும் மின்னும். ஐயத்துக்கு இடமில்லாத சோதனை ஒன்றுதான்: அருகிலுள்ள விண்மீன்களோடு சேர்த்து அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, சில நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் அது கோள். செவ்வாய் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சனிக்குப் பொறுமை வேண்டும். ஒரு ராசியைக் கடக்கவே அதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு ஆகும்.

இப்பயிற்சியை வாழ்நாள் முழுதும் கைவிடாத ஒருவர் ஒடிசாவில் இருந்தார். கண்டபடா என்ற சிறிய சமஸ்தானத்தின் அரச குடும்பத்தில் 1835இல் பிறந்த சந்திரசேகர சிங் சாமந்தர். மக்கள் வழக்கில் பட்டாணி சாமந்தர். விண்மீன்களை அடையாளம் காண அவருக்குக் கற்பித்தவர் குடும்பப் பெரியவர் ஒருவர். பதினைந்து வயதளவில் பழைய சித்தாந்த நூல்களின்படி கோள்நிலைகளைக் கணிக்கத் தேர்ந்துவிட்டார். கணித்தபின் வானைப் பார்த்தார். கணக்குக் காட்டிய இடத்தில் கோள் இல்லை.

இந்நிலையில் தொடக்கநிலையாளர் எவரும் தம் கணக்கையே முதலில் ஐயுறுவர். நூலை ஐயுற வேண்டுமானால் அளவைகள் வேண்டும். தொலைநோக்கி அவரிடம் இல்லை, ஆங்கிலமும் அறியார். தாமே ஒரு கருவி செய்துகொண்டார். 24 அங்குல நீளமுள்ள மெல்லிய மரக்கோல். அதன் ஒரு முனையில் செங்குத்தாகப் பொருத்திய குறுக்குக்கோல். அங்குலம் என்பது இங்கே விரற்கிடை அளவு. குறுக்குக்கோலில் கோண அளவுகளுக்கேற்ப வெட்டுக்களும் துளைகளும் இருந்தன. கோலின் மறுமுனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கையில், நடுவிலிருந்து நான்கேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான தொலைவிலுள்ள துளை 10 பாகையைக் காட்டும். இதற்கு அவர் இட்ட பெயர் மான யந்திரம்.

இத்தகைய எளிய கருவிகளைக் கொண்டு திரட்டிய அளவைகளின் பயனே 'சித்தாந்த தர்ப்பணம்'. சுமார் 2500 சமஸ்கிருதச் செய்யுள்கள், ஒடியா எழுத்தில், பனையோலையில். 1869இல் முடிந்த நூல் அச்சேறியது 1899இல்தான். கட்டாக்கில் பேராசிரியராயிருந்த ஜோகேஷ் சந்திர ராய் எழுதிய ஆங்கில முன்னுரையோடு கல்கத்தாவில் வெளிவந்தது. சந்திரனின் ஓட்டத்தில் உள்ள மூன்று ஏற்றத்தாழ்வுகளைச் சாமந்தர் தாமாகவே கண்டறிந்திருந்தார். ஐரோப்பாவுக்கு முன்பே கண்டார் என்று சிலர் எழுதுவது பிழை. அங்கே அவை நெடுங்காலம் முன்னரே தெரிந்தவை. பூமியை அசையாத நடுவமாகவும், சூரியனைச் சுற்றும் கோள்களோடு சூரியன் பூமியைச் சுற்றுவதாகவுமே அவர் கொண்டார். இதை மறைத்துவிட்டுப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவரைத் தூண்டியது வழிபாட்டுக் கவலையும்தான். திதி பிழைத்தால் சடங்கின் காலமும் பிழைக்கும். பூரி ஜகந்நாதர் கோயில் வழிபாட்டுக் காலங்களைக் குறிக்கும் பஞ்சாங்கம் பின்னாளில் அவர் கணிதத்தைத் தழுவிற்று.

தமிழ் வாசகர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20இல் நிகழ்ந்தது. பெயர்ச்சி நாள் அவரவர் மரபைப் பொறுத்தது. சனி நின்ற இடத்தை மட்டும் எவரும் பார்த்திருக்கலாம்: அந்த ஜனவரி 22 மாலையில், மேற்கு வானில், ஒளிமிக்க வெள்ளியை ஒட்டி மங்கலாக நின்றது.