மடக்கெழுத்தாணியும் பேனாக்கத்தியும்: பழங்கத்திகளைப் பெயர்வழி இனங்காணல்

1. முன்னுரை

பழம்பொருள் திரட்டுவோரிடையே மடக்கிவைக்கத்தக்க சிறு கத்திகளுக்குத் தனியிடம் உண்டு. அலகின் அடியில் பொறித்த முத்திரை, பிடி செய்யப்பட்ட பொருள், மடங்கும் அமைப்பு ஆகிய மூன்றையும் கொண்டு அவற்றின் காலத்தையும் பிறப்பிடத்தையும் கணிப்பது மேலைநாட்டு வழக்கம். தமிழகத்திலும் அதனை அடுத்த தெலுங்கு நிலப்பகுதியிலும் கிடைக்கும் கத்திகளுக்கு இம்மூன்று மட்டும் போதா. பெயரையும் நான்காவது சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இக்கருத்தை ஆராய இருமொழி வழங்கும் பகுதி ஏற்றது. பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளதுமான பாகாலா அத்தகைய ஓர் ஊர். விழுப்புரம், காட்பாடி வழியாகத் தமிழ்நிலத்தையும் தருமாவரம் வரை தெலுங்கு நிலத்தையும் இணைத்த மீட்டர் பாதையின் சந்திப்பு அது. சித்தூர் மாவட்டமே 1911இல் வடஆர்க்காட்டுப் பகுதிகளையும் கடப்பைப் பகுதிகளையும் சேர்த்து அமைக்கப்பட்டது. இங்கே ஒரே கத்திக்கு இரு மொழிப் பெயர்களும் எதிர்ப்படுவது இயல்பு.

2. முத்திரைச் சான்றும் அதன் எல்லையும்

இறக்குமதிக் கத்திகளைப் பொறுத்தவரை முத்திரை வலிமையான சான்று. ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் விண்மீனும் மால்ட்டாச் சிலுவையும் கொண்ட குறி 1764இல் வழங்கப்பட்டது. பிரித்தானிய வணிகப்பொருட்குறிச் சட்டம் 1887இலும், அதனை ஒட்டிய இந்தியச் சட்டம் 1889இலும் இயற்றப்பட்டன. அதன்பின் ஜெர்மானியக் கத்திகளில் பிறப்பிட நாட்டின் பெயர் பரவலாகக் காணப்படுகிறது. துருப்பிடிக்காத எஃகு ஷெஃபீல்டில் 1913இல் உருவானது. ஆகவே அதனைக் குறிக்கும் சொல் பொறித்த அலகு அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

சில வேளைகளில் நிறுவனப் பெயரின் சொல்லமைப்பே காலத்தைக் காட்டிவிடும். சுவிட்சர்லாந்தில் 1884இல் தொடங்கிய எல்சனர் பட்டறை, நிறுவனர்தம் தாயின் நினைவாக 1909இல் 'விக்டோரியா' என்னும் பெயரை ஏற்றது. துருப்பிடிக்காமையைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்னும் பிரெஞ்சுச் சொல் 1921இல் அதனோடு சேர, 'விக்டோரினாக்ஸ்' பிறந்தது. 'விக்டோரியா' என்று மட்டும் பொறித்த அலகும் முழுப்பெயர் பொறித்த அலகும் இருவேறு காலத்தன என்பதை இச்சொல்லாக்கமே உணர்த்துகிறது.

ஆனால் உள்ளூர்க் கொல்லர் அடித்த கத்தியில் முத்திரை இராது. அங்கே ஆய்வாளர்க்குத் துணையாவது மக்கள் வழங்கும் பெயரேயாகும்.

3. தலைச்சொல்லாகிய 'கத்தி'

தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கிலும் 'கத்தி' வழங்குகிறது. தமிழில் இது பெரும்பாலும் தொகைச்சொல்லின் தலைச்சொல்லாக நின்று, முன்வரும் அடைகளால் வகைப்படுகிறது. சவரக்கத்தி, பேனாக்கத்தி என்பன பயனால் அமைந்தவை. மடக்குக்கத்தி இயக்கத்தால் அமைந்தது. ராம்பூர்க் கத்தி இடத்தால் அமைந்தது.

ஆங்கிலமும் ஜெர்மனும் இக்கத்தியைச் சட்டைப்பையோடு சேர்த்துப் பெயரிடுகின்றன. தமிழ் மடங்குதலைக் கொண்டு பெயரிடுகிறது. தையலாடைப் பை பிற்காலத்து வரவு. வேட்டி உடுத்தியவர் சிறுபொருளை மடியில் செருகினர் என்பது இதற்குக் காரணமாகலாம். 'மடி', 'மடக்கு' ஆகிய இரண்டும் ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

4. கடன்சொற்கள்: சாக்கு, சூரி

தெலுங்கில் மடக்குக்கத்திக்கும் சிறு கத்திக்கும் வழங்கும் 'சாக்கு' என்பது பாரசீகப் பின்புலம் உடையது. உருது வழியாகத் தக்காணத்து மொழிகளில் பரவியது. கன்னடத்திலும் மராத்தியிலும் இச்சொல் உண்டு. தமிழில் அது வேரூன்றவில்லை. இதற்கு ஒலியனியல் சார்ந்த ஒரு விளக்கம் தர இயலும். உயிர்களுக்கிடையே தனிக் ககரம் தமிழில் வல்லொலியாக நில்லாது. ஆகவே அச்சொல்லின் ஒலியைக் காக்க வேண்டுமாயின் ககரத்தை இரட்டிக்க வேண்டும். இரட்டித்த வடிவமோ கோணிப்பையையும் போலிக்காரணத்தையும் குறிக்கும் தமிழ்ச் சொல்லோடு ஒன்றிவிடுகிறது. ஒரே வடிவம் மூன்று பொருளைத் தாங்க நேர்வதை மொழி தவிர்த்திருக்கலாம்.

அவ்விடத்தை நிரப்பியது 'சூரி'. வடமொழி வழிவந்த 'சுரிகை' தமிழ் இலக்கிய வழக்கில் முன்பே இருந்தது. 'சூரி' பிற்கால இந்துஸ்தானி வரவு. இது தனித்து நிற்பதோடு 'சூரிக்கத்தி' எனவும் வழங்குகிறது. கத்தி என்றே பொருள்படும் கடன்சொல்லை அடையாக்கித் தன் சொல்லைத் தலைச்சொல்லாகத் தமிழ் நிறுத்திக்கொண்டது. தெலுங்கின் 'சுரகத்தி'யும் இவ்வமைப்பினதே. 'சாக்கு' மட்டும் அங்கே துணையின்றி நிற்கிறது. எனவே பாகாலாவில் கிடைக்கும் கத்தி ஒன்றைச் 'சாக்கு' என்று ஒருவரும் 'மடக்குக்கத்தி' என்று மற்றொருவரும் கூறினால், அவை இரு வகைக் கத்திகள் எனப் பதிவதற்கில்லை.

5. பேனாக்கத்தி

இறகுப் பேனாவின் முனையைச் சீவிய சிறு கத்தியே ஆங்கிலேயர் வழக்கில் அப்பெயர் பெற்றது. 'பேனா' போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தது. அம்மொழியில் அதன் முதற்பொருள் இறகு என்பதே. 1820களிலும் 1830களிலும் பர்மிங்ஹாம் ஆலைகளில் எஃகு முனைகள் பெருவாரியாகச் செய்யப்பட்டபின் இறகைச் சீவும் தேவை குறைந்தது. கத்தி பென்சில் சீவும் பணிக்கு மாறியது, பெயர் மாறவில்லை. ஆகவே தமிழில் 'பேனாக்கத்தி' என்று அழைக்கப்படும் பொருள் பேனாவைச் சீவியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. செயல் மறைந்த பின்னும் சொல்லில் மட்டும் அச்செயல் எஞ்சியுள்ளது.

6. மடக்கெழுத்தாணி

மேற்கூறியவற்றினும் இன்றியமையாதது மடக்கெழுத்தாணி. உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் 'என் சரித்திர'த்தில் எழுத்தாணி வகைகளைக் குறிப்பிடுகிறார். கொண்டை பருத்தது குண்டெழுத்தாணி. ஒரு முனையில் ஓலை வாருவதற்குரிய கத்தி அமைந்தது வாரெழுத்தாணி. கத்தியும் எழுத்தாணியும் பிடிக்குள் மடங்குவது மடக்கெழுத்தாணி. அளவிலும் அமைப்பிலும் மடக்குக்கத்தியை ஒத்த இதனையே தமிழரின் பழைய மடக்குக்கத்தி எனலாம்.

இரண்டு எழுத்து மரபுகளிலும் எழுதுவோர் கையில் சிறு கத்தி இருந்தது. ஆயினும் அதன் பணி வேறு. ஐரோப்பியரின் கத்தி எழுதும் கருவியைச் சீவியது. தமிழரின் கத்தி எழுதப்படும் ஓலையை வாரியது. இவ்வேறுபாடு பெயர்களிலும் பதிந்துள்ளது. 'பேனாக்கத்தி'யில் தலைச்சொல் கத்தி. 'மடக்கெழுத்தாணி'யில் தலைச்சொல் எழுத்தாணி. பிடிக்குள் இரண்டும் இருந்தும், கத்தியைத் துணைப்பொருளாகவே தமிழ் கருதியது. தெலுங்கில் எழுத்தாணிக்கு உரிய 'கண்டமு' என்னும் சொல்லும் எழுதும் முனையையே முதன்மையாக்குகிறது.

இங்குதான் இழப்பு நேர்கிறது. ஓலை வழக்கொழிந்தபின் எழுத்தாணி முனை துருவேறியோ முறிந்தோ போக, எஞ்சிய கத்தியைக் கண்டோர் அதனை வெறும் மடக்குக்கத்தி என்றே பதிவர். அப்பதிவில் தலைச்சொல் மாறுகிறது. எழுதுகருவிகளோடு வைக்க வேண்டிய பொருள் ஆயுதங்களோடு சேர்கிறது. சுவடி எழுதியவர் கைக்கருவி ஒன்று வரலாற்றிலிருந்து நீங்குகிறது. இதனைத் தவிர்க்கப் பிடியில் இரண்டாவது பள்ளம் உள்ளதா எனவும், எஞ்சிய முனை வெட்டுவாய் இன்றி உருண்டு கூர்மையாக உள்ளதா எனவும் நோக்க வேண்டும். பொருள் வந்த குடும்பத்தார் அதனை எப்பெயரால் வழங்கினர் என்பதை வினவி, அவ்வடிவத்திலேயே எழுதிக்கொள்வதும் உடன் செய்ய வேண்டுவதாகும்.

7. முடிவுரை

மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் பெறப்படுவன மூன்று. ஆங்கில மூலத்தில் வரும் சிறு கத்தி இறகு சீவும் காலத்ததா, பென்சில் சீவும் காலத்ததா எனத் தெளிந்த பின்னரே 'பேனாக்கத்தி' என எழுதுதல் வேண்டும். பையைச் சுட்டும் பிறமொழிப் பெயர்களுக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு வேண்டா; 'மடக்குக்கத்தி' என்பதே தமிழ் மரபு. மடக்கெழுத்தாணியைப் பிறமொழிக்குக் கொண்டுசெல்லும்போது கத்தியைத் தலைச்சொல்லாக்குவது பிழை; அது கத்தியுடன் கூடிய எழுதுகோல் என்றே பெயர்க்கப்பட வேண்டும்.

அருங்காட்சியக அட்டையில் எழுதும் ஒரு சொல், பொருள் எந்தப் பேழையில் இடம்பெறும் என்பதை முடிவு செய்கிறது. பொருளைத் திரட்டுவோர் அதன் பெயரையும் உடன் திரட்டுவது அதனால் தேவையாகிறது.