மேகத்துக்குப் போன சாவி

குன்னூரிலிருந்து ஊட்டி ரயிலில் ஏறினால் வெல்லிங்டனை அடுத்து வருவது அருவங்காடு. நூறு ஆண்டுகளைக் கடந்த கார்டைட் வெடிமருந்து ஆலைதான் இந்த ஊரின் அடையாளம். வெடிமருந்து செய்யும் ஆலைகளில் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வரம்பைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள்: ஒரே நேரத்தில் உள்ளே இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான். தீப்பெட்டி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும். தவறு யாருக்கும் நேரலாம், நேர்ந்தால் சேதம் ஒரு கட்டடத்தோடு நிற்கட்டும் என்ற முன்யோசனை அது.

நான் சொல்ல வந்தது ஒரு சாவியின் கதை. கணினியின் எல்லாக் கதவுகளையும் திறக்கிற, நிர்வாகியான அட்மின் கையில் இருக்கும் கடவுச்சொல்தான் அந்தச் சாவி. வெடிமருந்துக் கட்டடத்தின் பலகை சொல்லும் நியாயத்தை அது கற்றுக்கொள்ள ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின.

கணினிக் கடவுச்சொல் வளர்ந்த முதல் வீடுகளில் ஒன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1960களின் தொடக்கத்தில் ஓர் அமைப்பை உருவாக்கி, ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குத் தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. 1962இல் அவர் கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டு வாங்கி, மற்றவர்கள் பெயரில் நுழைந்து வேலையைத் தொடர்ந்தார். வளர்ந்த வீட்டிலேயே களவு போன சாவி இது.

பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் உருவானபோது அதற்கு ஓர் அரசனும் வந்தான். அந்தக் கணக்கின் பெயர் ரூட், எண் பூஜ்யம். எந்தக் கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம், தடுக்க ஆளில்லை. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனே ராபர்ட் மோரிஸுடன் சேர்ந்து 1979இல் கடவுச்சொற்களின் பலவீனத்தைப் பற்றி எழுதினார். தாம்சனுடைய பழைய கடவுச்சொல்லே 2019இல் உடைபட்டது. அது சதுரங்கத்தில் ராணிக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் குறிப்பு.

1980 வாக்கில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் 'சூடோ' என்ற சிறு நிரல் பிறந்தது. அரசனின் முழு அதிகாரத்தையும் ஒருவருக்குத் தூக்கிக் கொடுக்காமல், குறிப்பிட்ட ஒரு கட்டளைக்கு மட்டும் கடனாகத் தரலாம் என்று அது காட்டியது. அதிகாரத்தைக் கடனாகத் தருவது என்ற அந்த எண்ணம்தான் இந்தக் கதையின் திருப்பம்.

ஆனாலும் பல ஆண்டுகள் சாவி சட்டைப்பையிலேயே அலைந்தது. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் எல்லா சர்வருக்கும் ஒரே கடவுச்சொல். அது ஓர் எக்ஸெல் தாளில் இருந்தது. ஐந்து பேர் ஒரே அட்மின் பெயரில் நுழைந்தார்கள். ஒருநாள் ஒரு கோப்பு காணாமல் போனபோது யார் அழித்தது என்று கேட்க வழியே இல்லை. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அந்தச் சாவி மனப்பாடம்.

இந்தச் சாவியைப் பெட்டகத்தில் வைக்கும் மென்பொருள்கள் உலகின் பல இடங்களில் உருவாயின. அவற்றில் சில நம் சென்னையின் கைவேலை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவுதான் பாஸ்வேர்ட் மேனேஜர் ப்ரோ, பாம்360 ஆகியவற்றைத் தருகிறது. 2022இல் இந்த இரண்டிலும் கடுமையான ஓர் ஓட்டை தெரியவந்தது. கடவுச்சொல்லே இல்லாமல் வெளியாளால் உள்ளே கட்டளைகளை இயக்க முடிந்தது. நிறுவனம் ஜூனில் திருத்தம் வெளியிட்டது. அந்த ஓட்டை வழியாகத் தாக்குதல் நடக்கிறது என்று அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஸா செப்டம்பரில் எச்சரித்தது. பெட்டகத்துக்கும் பராமரிப்பு வேண்டும். விற்பவரே இணையத்தில் நடத்தும் கிளவுடுக்கு, அதாவது மேகத்துக்கு, பெட்டகம் போனால் அதற்குத் திருத்தம் போடும் பொறுப்பை விற்பவரே ஏற்கிறார். பலர் அங்கே மாறியதன் பெரிய காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்தப் பெட்டகம் இன்று எப்படி வேலை செய்கிறது? அருவங்காட்டு இளைஞர் ஒருவர் வீட்டிலிருந்தபடி கோயம்புத்தூர் சர்வர் ஒன்றைப் பழுது பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தன் பெயரில் நுழைகிறார். கைபேசியில் முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணையும் தருகிறார். என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று எழுதிக் கேட்கிறார். மேலதிகாரி ஒப்புதல் தந்ததும் ஒரு மணி நேரத்துக்குக் கதவு திறக்கிறது. கடவுச்சொல் அவர் கண்ணில் படுவதே இல்லை. இடையில் நிற்கும் வாயிலே அதைப் போட்டு உள்ளே அனுப்புகிறது. அவர் திரையில் செய்வதெல்லாம் பதிவாகிறது. நேரம் முடிந்ததும் கடவுச்சொல் தானாக மாறிவிடுகிறது. கணினி அமைப்புகளின் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு.

இந்தப் பெட்டகத்தை அமைப்பவருக்கு மிகப் பெரிய தலைவலி, மனிதர்கள் தொடாத கணக்குகள். நள்ளிரவில் பேக்கப் எடுக்கும் நிரலும், சம்பளக் கணக்கை வங்கிக்கு அனுப்பும் நிரலும் ஆளுக்கொரு கடவுச்சொல்லோடு வாழ்கின்றன. எந்தச் சாவி எங்கெங்கே செருகியிருக்கிறது என்று பட்டியல் போடாமல் மாற்றினால், காலையில் சம்பளம் போயிருக்காது. அனுபவமுள்ளவர்கள் முதல் சில வாரங்கள் எதையும் மாற்றுவதில்லை. எந்தக் கணக்கு எங்கே நுழைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொன்றாக மாற்றுவார்கள்; அவசரமில்லாத சர்வரிலிருந்து தொடங்குவார்கள்.

இன்னொரு கேள்வி மலைக்காரர்களுக்கு உடனே தோன்றும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து சாலையும் ரயில் பாதையும் அறுந்தன. அப்படி ஒரு நாளில் இணையக் கம்பியும் அறுந்தால், கிளவுடில் இருக்கும் சாவியை எட்டுவது எப்படி?

பதில் பழைய கருவூலத்தில் இருக்கிறது. கருவூலத்தின் காப்பறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி அதிகாரியிடம், மற்றது பொருளாளரிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். அதேபோல் அபாயமணி அடிக்கும் நேரத்துக்கென்று கிளவுடைச் சாராத இரண்டு அவசரக் கணக்குகளை ஒதுக்கி வைக்கிறார்கள். ஒவ்வொன்றின் நீளமான கடவுச்சொல்லையும் பாதி பாதியாக இரண்டு தாளில் எழுதி, உறையிட்டு, அரக்கு வைத்து, இரண்டு பேர் பொறுப்பில் இரண்டு இரும்புப் பெட்டிகளில் பூட்டுகிறார்கள். ஓர் உறை பிரிந்தாலும் எல்லோருக்கும் தெரியவேண்டும். பயன்படுத்திய மறுநாளே கடவுச்சொல் மாறவேண்டும். அறுபது ஆண்டு பயணம் செய்து மேகம் வரை போன சாவி கடைசியில் தாளுக்கும் இரும்புக்கும் இரண்டு மனிதர்களுக்கும் திரும்பி வருகிறது.

அந்த உறை பூட்டியே கிடந்தால் போதாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது பிரித்து, உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்க்கவேண்டும். நீலகிரியில் அதில் ஒரு முறையைச் செப்டம்பரிலேயே, வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன் முடித்துவிடுவது நல்லது.