கப்பலேறிய கடிதங்கள்: அட்லாண்டிக்கின் இரு கரைகளில் அடிமை ஒழிப்பு இயக்கம்

அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இருந்த அடிமை முறை எதிர்ப்பாளர்களைக் கடிதங்களால் இணைத்த முன்னோடி ஆந்தனி பெனசெட் (1713–1784). பிரான்சில் பிறந்த இவர், பிலடெல்ஃபியாவில் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியராக இருந்தார். ஆப்பிரிக்காவில் நடந்த ஆள்பிடிப்பைப் பற்றிப் பயணிகளும் வணிகர்களும் எழுதியவற்றைத் தொகுத்துக் குறுநூல்களாக அச்சிட்டார். அவற்றைக் கடிதங்களுடன் சேர்த்துப் பல நாடுகளுக்கு அனுப்பினார். இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கும் 1783-இல் எழுதினார்.

லண்டனில் அடிமைகளுக்காக வழக்காடி வந்த கிரான்வில் ஷார்ப், பழைய புத்தகக் கடையில் கிடைத்த பெனசெட்டின் குறுநூல் ஒன்றை மறுபதிப்பு செய்தார். அடிமை முறையைக் கண்டித்து ஷார்ப் 1769-இல் வெளியிட்ட நூலைப் பெனசெட் சுருக்கிப் பிலடெல்ஃபியாவில் அச்சிட்டார். ஒருவரையொருவர் அறியும் முன்பே நூல்கள் இப்படிக் கைமாறியிருந்தன. பெனசெட் ஷார்ப்புக்கு முதல் கடிதம் எழுதியது 1772 மே மாதத்தில். மறு மாதம், ஜூன் 22 அன்று, ஜேம்ஸ் சாமர்செட் வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அடிமையை வலுக்கட்டாயமாகக் கப்பலேற்றி வெளியே அனுப்ப உரிமையாளருக்கு அதிகாரமில்லை என்றது அத்தீர்ப்பு.

பாய்மரக் கப்பலில் ஒரு கடிதம் போய்ச் சேர ஒன்றிரண்டு மாதங்கள் ஆயின. ஆனாலும் தொடர்பு அறுபடவில்லை. பெனசெட்டின் தூண்டுதலால் அடிமை முறைக்கு எதிராக எழுதிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1773 முதல் பல ஆண்டுகள் ஷார்ப்புடன் கடிதத் தொடர்பில் இருந்தார். கினி நாடு பற்றிப் பெனசெட் 1771-இல் வெளியிட்ட நூலே ஜான் வெஸ்லியின் 1774-ஆம் ஆண்டுக் குறுநூலுக்கும், கேம்பிரிட்ஜில் 1785-இல் பரிசு பெற்ற தாமஸ் கிளார்க்சனின் கட்டுரைக்கும் முக்கிய ஆதாரமாயிற்று.

அடிமை வணிக ஒழிப்புக்கான சங்கம் லண்டனில் 1787-இல் உருவானபின், தனிமனிதர்களின் கடிதங்களோடு சங்கங்களுக்கிடையிலான தொடர்பும் வளர்ந்தது. பிரசாரக் கருவிகளும் கடல் கடந்தன. மண்டியிட்டு இறைஞ்சும் ஆப்பிரிக்கரின் உருவம் பொறித்த பதக்கங்களை மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் 1788-இல் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு அனுப்பினார். சிறந்த குறுநூலுக்கு ஈடான பலன் அவற்றுக்கு இருக்கக்கூடும் என்று பிராங்க்ளின் பதில் எழுதினார். 'புரூக்ஸ்' கப்பலில் அடிமைகள் நெருக்கி அடுக்கப்பட்டதைக் காட்டிய படம் பிரிட்டனில் வெளியான சிறிது காலத்திலேயே பிலடெல்ஃபியாவிலும் அச்சாயிற்று.

பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், இயக்கத்தின் கவனம் அமெரிக்கா மீது குவிந்தது. பாஸ்டனில் 'லிபரேட்டர்' இதழை நடத்திய வில்லியம் லாயிட் கேரிசனும் மரியா வெஸ்டன் சாப்மனும், டார்லிங்டனின் எலிசபெத் பீஸ், டப்ளின் அச்சக உரிமையாளர் ரிச்சர்ட் வெப் ஆகியோருடன் இடைவிடாமல் எழுதிக்கொண்டனர். பாஸ்டனில் ஆண்டுதோறும் நடந்த நிதி திரட்டும் சந்தைக்குப் பிரிட்டன், அயர்லாந்துப் பெண்கள் கைவேலைப் பொருட்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பினர். பிணக்குகளுக்கும் கடிதங்களே களம். 1840-இல் லண்டனில் கூடிய உலக மாநாடு பெண் பிரதிநிதிகளை ஏற்க மறுத்ததும், கேரிசன் அவர்களுக்கு ஆதரவாகப் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்ததும் இரு கரைகளிலும் நீண்ட வாதங்களைக் கிளப்பின.

அதே ஆண்டு கியூனார்டு நிறுவனம் லிவர்பூலுக்கும் பாஸ்டனுக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவையைத் தொடங்கியது. இதனால் கடிதம் சுமார் இரண்டு வாரத்தில் போய்ச் சேர்ந்தது. அடிமைத்தனத்திலிருந்து தப்பிய பிரெடெரிக் டக்ளஸ், 1845 முதல் 1847 வரை அயர்லாந்திலும் பிரிட்டனிலும் சுற்றுப்பயணம் செய்தபோது கேரிசனுக்கு எழுதிய கடிதங்கள் 'லிபரேட்டர்' இதழில் வெளியாயின. அங்கே தம்மை மனிதராக நடத்தியதை விவரித்த அவை, அமெரிக்க நிறவெறியை அம்பலப்படுத்தின.

நியூகாசிலின் ரிச்சர்ட்சன் குடும்பப் பெண்கள் 150 பவுண்டு திரட்டி, 1846-இல் டக்ளஸின் சட்டப்பூர்வ விடுதலையைப் பெற்றுத் தந்தனர். பணம் கொடுப்பது மனிதரைச் சொத்தாக ஒப்புக்கொள்வதாகும் என்று ஹென்றி ரைட் உள்ளிட்ட தோழர்கள் கண்டித்தனர். அம்முடிவு சரியே என்று ரைட்டுக்கு டக்ளஸ் எழுதிய விளக்கமும் ஒரு கடிதமே. அமெரிக்கா முழுவதும் அடிமை முறை 1865-இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கேரிசன் வட்டத்தின் கடிதங்களில் பெரும்பகுதி இன்று பாஸ்டன் பொது நூலகத்தில் உள்ளது.